அப்பாவும் ஆறு முள்ளெலிகளும்

ரிச்மண்ட் டவுன், பெங்களூர்
4 ஆகஸ்டு 1936

பிரியமுள்ள அக்காவுக்குத் தம்பி தியோடர் எழுதுவது. இங்கே நானும் டோரீனும் சுகம். நீங்களும் அத்தானும் அல்போன்சாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் தூத்துக்குடியில் ரயிலேற்றிவிட்ட ஆறு முள்ளெலிகளும் அப்பாவும் நேற்றுக் காலை கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். முள்ளெலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. பனையோலைக் கூடைக்குள் நம் ஊர்த் தேரிச் செம்மணலையே போட்டு அனுப்பியது நல்ல யோசனை. அப்பாவுடைய செருப்பை ஈரோட்டில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மற்றபடி அவருக்கும் குறையில்லை.

முள்ளெலி எதற்கு என்று அத்தான் கேட்டாராம். சீமையில் இந்தப் பிராணி குளிர்காலம் முழுவதும் தூங்குகிறது. நாம் தூங்கும் தூக்கம் அல்ல. உடம்பு தன் சூட்டையே கீழே இறக்கிவிடுகிறது. நிமிஷத்துக்கு இருநூறு முறை துடிக்கிற இருதயம் இருபதுக்கு வந்துவிடுகிறது. இரை வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நம் தேரிக்காட்டு முள்ளெலியும் இரை கிடைக்காத நாட்களில் இதைச் செய்கிறது என்று கேள்வி. அதை நான் நிரூபித்துவிட்டால், ஜனவரியில் நடக்கிற விஞ்ஞான மாநாட்டில் கட்டுரை வாசிக்க இடம் வாங்கித் தருவதாகப் புரொபசர் துரை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகப் பையன்களுக்குத் தவளை அறுத்துக் காட்டி வருகிறேன். இதுவும் தவறினால் தவளையோடுதான் ரிட்டயர் ஆவேன்.

முன்னறையில் டோரீன் பியானோ சொல்லிக்கொடுப்பதால் அப்பாவுக்குப் பின்கட்டு அறையைக் கொடுத்திருக்கிறோம். கல் தரை, வடக்கு ஜன்னல், நல்ல காற்று. கூண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒருவருக்கொருவர் துணை.

தம்பி தியோடர்

ஏட்டி ஜோசு, உன் தம்பி ஸ்டேஷனுக்கு என்னயக் கூப்பிட வந்தான்னா நினைக்கே? கூடையத் தொறந்து ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டுத்தான் "சுகமாப்பா"ன்னான். இந்த ஊர்ல சூரியன் வேலைக்கே வரமாட்டேங்கு. மீன் கிடைக்கி. செத்த வருஷம் மீன்காரிக்கே ஞாபகம் இல்ல. — சந்தியாகு, உப்பு டிபார்ட்மெண்ட், ரிட்டயர்டு.


சேசு மரி சூசை

தூத்துக்குடி
20 ஆகஸ்டு 1936

அன்புள்ள தம்பி தியோடருக்கு அக்கா ஜோசஃபின் ஆசீர்வதித்து எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். டோரீனுக்கு என் அன்பைச் சொல்லு.

ஊர் மாறினால் உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தான் அப்பாவை அனுப்பினேன். உண்மையை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அல்போன்சாவைப் பெண் பார்க்க நோயல் வீட்டார் வந்தார்கள். காபி குடித்து முடிக்கிற வரைக்கும் அப்பா மரியாதையாகத்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்து, "உப்புல மண்ணக் கலந்து வித்தாரே உங்க அப்பா, அவரக் கையும் களவுமாப் பிடிச்சது நான்தான். எப்படியிருக்காரு?" என்று கேட்டார். அவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது என்றார்கள். "மண்ணுக்கே போயிட்டாராக்கும்" என்றார் அப்பா.

சம்பந்தம் முறியாமல் நின்றது மாதா செய்த புதுமை. இனி ஒரு தரம் அவர் வாயைத் திறந்தால் மாதாவாலும் முடியாது. கல்யாணம் நவம்பர் இரண்டாம் வாரம். முடிந்த மறுநாளே உன் அத்தான் அங்கே வந்து அப்பாவை அழைத்து வந்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டில் இருப்பார்.

நாற்பது வருஷம் உப்பளத்து வெயிலில் நின்ற உடம்பு. குளிர் தாங்காது. குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுக்கச் சொல்லு.

அக்கா ஜோசஃபின்


பெங்களூர்
15 செப்டம்பர் 1936

பிரியமுள்ள அக்காவுக்கு, இங்கே யாவரும் சுகம். தங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். பதிலெழுதச் சுணங்கிவிட்டது.

முள்ளெலிகள் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன. அறை குளிர்ந்துதான் இருக்கிறது. ஆனால் ஆறும் இரவெல்லாம் விழித்திருந்து கரப்பான் பூச்சி கேட்டன. இரையை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு செத்துப்போயின. மீதி நான்கும் என்னை ஒரு மாதிரி பார்க்கின்றன.

இதற்கிடையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அப்பா விடிகாலையில் விறைத்துக்கொண்டு கிடந்தார். விளையாட்டாக அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்தேன். சாதாரண மனிதனுக்கு இருப்பதைவிட மூன்று டிகிரி குறைவாக இருந்தது. முள்ளெலிகள் செய்ய மறுத்ததை அப்பா யாரும் சொல்லிக்கொடுக்காமலே தொடங்கியிருந்தார்.

மூளையின் அடியில் ஒரு சிறு இடம் இருக்கிறது. உடம்பின் சூட்டுக்கு அதுதான் காவல். சூடு குறைந்தால் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கச் சொல்லும், தசைகளை நடுங்கச் சொல்லும். நடுக்கம் என்பது உடம்பு எரிக்கிற விறகு. முதுமையில் இந்தக் காவல் தளர்ந்துபோகிறது. டாக்டர்கள் இதை நோய் என்கிறார்கள். நான் இதைச் சிக்கனம் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். தூங்கும் பிராணிகளுக்குத் தோள்பட்டைகளின் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கொழுப்பு உண்டு. பிறந்த குழந்தைக்கும் அது உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். கிழவர்களுக்கு உண்டா என்று யாரும் பார்த்ததில்லை. அப்பாவின் முதுகைத் தடவிப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வெந்நீர் பற்றி டோரீனிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

தம்பி தியோடர்

ஏட்டி, மாடு வாங்க வந்தவன் மாதிரி முதுகத் தடவுதான். பல்லயும் பிடிச்சுப் பாப்பானோன்னு வாய மூடிக்கிட்டேன். மருமக மவராசி ரெண்டு நேரம் சோறு போடுதா. மூணாவது நேரம் பியானோ வாசிக்கா. கல்யாணத்துக்கு என்னய எப்பக் கூப்பிடுவ?


சேசு மரி சூசை

தூத்துக்குடி
6 அக்டோபர் 1936

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை எழுதவும்.

ஒரு மாறுதல். கொழும்பிலிருக்கும் நோயலின் அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் கழித்துத்தான் வரத் தோதுப்படுமாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்தில் சாமியார் தாலி மந்திரிக்க மாட்டார். ஆகவே மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து, ஜனவரி பதினெட்டு திங்கட்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை அப்பா அங்கேதான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு எப்போது கூப்பிடுவேன் என்று கேட்டிருக்கிறார். நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

பார்சலில் ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். கப்பல் சாமான் விற்கிற இடத்தில் அத்தான் தேடி வாங்கினது, நல்ல கனம். கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் உண்டு. டோரீனுக்கு வாடை பிடிக்காதென்றால் வாசலில் வைத்துச் சுடச் சொல்.

மூன்று டிகிரி குறைவு என்று எழுதியிருந்தாய். அது நல்லதா கெட்டதா என்று எழுதவில்லை.

அக்கா ஜோசஃபின்


பெங்களூர்
28 அக்டோபர் 1936

பிரியமுள்ள அக்காவுக்கு, சுகம். மழை விட்டுக் குளிர் தொடங்கிவிட்டது. ஆராய்ச்சிக்கு உகந்த காலம்.

கல்யாணம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது எனக்குப் பெரிய உதவி. இங்கே டிசம்பர்தான் நல்ல குளிர். அப்பா நவம்பரில் போயிருந்தால் பாதியில் நின்றிருக்கும். புரொபசர் துரையிடம் சொன்னேன். முள்ளெலி என்றபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மனிதன் என்றதும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். மாநாட்டில் முதல் நாளே வைத்துக்கொள்ளலாம் என்றார். யார் அந்த மனிதன் என்று கேட்டார். தெற்கத்தியார், உப்புத் தொழில், வயது எழுபத்துநாலு என்றேன். உறவைக் கட்டுரையில் சொல்லும் வழக்கம் இல்லை.

கம்பளி கிடைத்தது. உண்மையில் நல்ல கம்பளி. அப்பாவுக்குப் போர்த்தினால் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் கூண்டுகளின் மேல் போட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் கதகதப்பாக இருக்க வேண்டும் என்பது விஞ்ஞான முறை. முள்ளெலிகளுக்கு உங்கள்மேல் மிகுந்த நன்றி.

அப்பாவுக்கு இப்போது ஒரு வேளைக் கஞ்சி. இதில் டோரீனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இவ்வளவு போதும் என்று அவள் விஞ்ஞானத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள். கருப்பட்டி பூராவும் உடனே சூடாக மாறுகிற பண்டம் என்பதால் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். கருவாட்டைப் பால்காரன் வேண்டாமென்று சொல்லிவிட்டான். பின்னால் புதைத்தோம்.

குறைவு நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அது முடிவைப் பொறுத்தது.

தம்பி தியோடர்


கார்டு

பெங்களூர்
10 நவம்பர் 1936

ஏட்டி ஜோசு, இது அவனுக்குத் தெரியாம எழுதுறது. தெரு முக்குல ஒரு ரொட்டிக்கடை. கடைக்கார பாய் நல்ல மனுசன். அடுப்புப் பக்கத்துல ஒரு பலகை போட்டு உக்கார விடுதாரு. முந்தின நாள் ரொட்டி ரெண்டு குடுப்பாரு. கார்டும் அவரு குடுத்ததுதான். நான் நடுங்குறதப் பாத்துட்டு உம் மவன் என்னய்யா பண்ணுதான்னு கேக்காரு. எலியெல்லாம் கம்பளில கிடக்கு, நான் கல்லுல கிடக்கேன்னேன். நம்பலை.

நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நோயல் தாத்தன் உப்புல மண்ணு கலக்கலன்னு வேணும்னா கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணுதேன். மருமகன் மதலைமுத்துவ அனுப்பி வை. வர ஆள் இல்லன்னா சொல்லு, நானே வண்டி ஏறிருதேன். செருப்பு இல்ல, அது பரவால்ல. நம்ம ஊருக்கு வந்து ஒரு நாள் மொட்ட வெயில்ல நின்னாப் போதும்ட்டி.

அப்பா


சேசு மரி சூசை

தூத்துக்குடி
16 நவம்பர் 1936

அன்புள்ள தம்பிக்கு, எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. மனசுக்குத்தான் குறைவு.

அப்பா எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். கவரில் போடக் கூடாதா? கார்டென்றால் போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தான் கொடுப்பான் என்று உனக்குத் தெரியும். வாசலில் நின்றுகொண்டு, "பெரியவருக்குக் கல்லுலயா படுக்கை போட்டிருக்காக?" என்று என்னிடமே கேட்டான். தபாலாபீசில் ஸ்டாம்பு விற்பது நோயலின் சித்தப்பா. உப்பும் மண்ணும் மறுபடி அந்தக் கார்டில் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாமல் அப்பாவை ரொட்டிக்கடைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். அங்கேதான் கார்டு கிடைக்கிறதாம். அவராக ரயிலேறி வருவதாகவும் எழுதியிருக்கிறார். வந்துவிடப் போகிறார்.

கம்பளி எலிக்கு என்று எழுதியிருக்கிறார். வயசானவர் எதையாவது சொல்லுவார் என்று நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீயும் அதையே எழுதியிருக்கிறாய்.

கல்யாணப் புடவை எடுத்தாகிவிட்டது.

அக்கா ஜோசஃபின்


பெங்களூர்
12 டிசம்பர் 1936

பிரியமுள்ள அக்காவுக்கு, சுகம். நீங்கள் எழுதியது பெரிய உதவி. அப்பாவின் சூடு பகலில் ஒரு கணக்கில் இறங்காமல் ஏறிக்கொண்டிருந்ததற்குக் காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். ரொட்டி அடுப்பு! உங்கள் கடிதம் வராவிட்டால் தவறான முடிவோடு மாநாட்டுக்குப் போயிருப்பேன். அன்று முதல் பின்கட்டுக் கதவைப் பூட்டி வைக்கிறோம். பாய் இரண்டு தரம் வாசலுக்கு வந்து, "அப்பாஜி எங்கே?" என்று கேட்டார். தூங்குகிறார் என்று டோரீன் சொன்னாள். விஞ்ஞானப்படி அது பொய்யில்லை.

முக்கியமான செய்தி இனிமேல்தான். சென்ற வாரம் அப்பாவின் நடுக்கம் நின்றுவிட்டது! குளிர் கூடியிருக்கிறது, சூடு இறங்கியிருக்கிறது, நடுக்கம் இல்லை. விறகை வீணாக்காமல் இருக்க உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. கஞ்சி கேட்பதையும் நிறுத்திவிட்டார். நாடி மெதுவாக, கம்பீரமாக நடக்கிறது. பேச்சும் குறைந்துவிட்டது. அவரிடம் பேச்சு குறையும் என்று முன்பு யார் நினைத்திருப்பார்கள்?

டோரீனுக்குத் தொண்டை சரியில்லை என்று பக்கத்துத் தெரு டாக்டர் சுந்தரராமனைக் கூப்பிட்டிருந்தோம். அவர் கேட்காமலே பின்கட்டுக்குப் போய்விட்டார். வெளியே வந்து, "சார், இது தூக்கமில்ல. நடுக்கம் நின்னா நல்லதுன்னு யார் சொன்னா? உடம்பு கைவிட்டிருக்கு. கம்பளி போத்துங்க, மெதுவாச் சூடு குடுங்க, இப்பவே" என்று கத்தினார். அவர் படித்தது நோயாளிகளுக்கான வைத்தியம். அப்பா நோயாளி அல்ல என்று விளக்கினேன். "அப்ப என்ன?" என்றார். கட்டுரை வரும்போது வாசிக்கட்டும்.

நேற்று விடிகாலை அப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "என்ன வெயிலு, என்ன வெயிலு" என்றார். "மழை வருது, உப்ப மூடுங்கலே" என்று யாரையோ அதட்டினார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அவர் கேட்ட வெயில் கிடைத்துவிட்டது என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள் டோரீன்.

தம்பி தியோடர்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
19 டிசம்பர் 1936

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம்.

உன் கடிதத்தை உன் அத்தான் படித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் இன்னைக்கு ராத்திரி மெயில்லயே போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று எழுந்தார். சட்டைகூடப் போட்டுவிட்டார். நான்தான் உட்காரச் சொன்னேன். இருபத்தேழாம் தேதி கோயிலில் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசிக்கிறார்கள். ஓலை வாசிக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அப்பா சட்டையில்லாமல் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். என்னிடம் இன்னும் பேசவில்லை. ஆகவே அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

கல்யாணம் குறித்த வீட்டில் பெரியவர்கள் யாராவது இறந்த செய்தி வந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். நோயல் வீட்டார் ஒரு வருஷம் நிற்க மாட்டார்கள். அல்போன்சாவுக்கு இருபத்தாறு ஆகிறது. இதைப் பொதுவாக எழுதுகிறேன்.

இன்னொன்று. இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தால் பத்து வீடு வாசலுக்கு வந்துவிடும். அதனால் நல்ல செய்தியானாலும் தந்தி கொடுக்காதே. கடிதம் போதும். கடிதத்தை நான்தான் பிரிப்பேன்.

அப்பாவுக்குக் கம்பளி போர்த்தச் சொல்லி அந்த டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் யோசி. யோசித்து உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

அக்கா ஜோசஃபின்


பெங்களூர்
29 டிசம்பர் 1936

பிரியமுள்ள அக்காவுக்கு, நானும் டோரீனும் சுகம். முள்ளெலிகள் நான்கும் சுகம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை அப்பாவின் சூடும் அறையின் சூடும் ஒன்றாகிவிட்டன. இனி அது அறையோடு ஏறும், அறையோடு இறங்கும்.

என் கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டது. முள்ளெலியாக இருந்தால் ஆபத்தான அளவுக்குச் சூடு இறங்கும்போது உடம்பு தானாகவே எரிய ஆரம்பிக்கும். முதுகுக் கொழுப்பு முதலில், பிறகு நடுக்கம், பிறகு இருதயம் வேகமெடுக்கும், எழுந்து நடந்துவிடும். மனிதனிடம் இறங்குகிற பாதி இருக்கிறது. ஏறுகிற பாதி இல்லை. இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை என்று புரொபசர் துரை சொன்னார். கட்டுரையில் அவர் பெயர் முதலில் வரும்.

சுந்தரராமன் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார். அது தவறு. ஆனாலும் திருத்தவில்லை.

அன்று மாலையே அப்பாவை ஓசூர் ரோட்டுக்கு மாற்றிவிட்டோம். மரங்கள் உள்ள அமைதியான இடம். நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சாமியார் வந்து செபம் சொன்னார். டோரீன் கறுப்பு உடுத்திக்கொண்டு கிளம்பினாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். போய் நீலம் மாற்றிக்கொண்டு வந்தாள். ரொட்டிக்கடை பாய் மட்டும் எப்படியோ தெரிந்து வந்து ஓரமாக நின்றார். அவர் யாருக்கும் கடிதம் எழுதுகிறவராகத் தெரியவில்லை.

அன்று காலை எனக்குக் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அதைக் குறிக்கவில்லை.

தம்பி தியோடர்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
6 ஜனவரி 1937

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கல்யாணத்துக்கு வந்திறங்கியிருக்கும் சொந்தங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். வாசித்துக் காட்டினேன். நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டு வாசித்தேன். மரங்கள் உள்ள அமைதியான இடம், சாமியார் வந்து செபம் சொல்கிறார் என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். உன் அத்தான் மட்டும் எழுந்து கடற்கரைக்குப் போனார். பொழுது விடிந்துதான் வந்தார்.

ஒரு வாரமாகக் கல்யாண வீட்டு வெங்காயம் முழுவதையும் நான்தான் உரிக்கிறேன். வேறு யாரையும் விடவில்லை.

நேற்று நோயலின் தகப்பனார் வந்திருந்தார். பந்தல் பார்த்துவிட்டு, "உப்பு டிபார்ட்மெண்ட் பெரியவர் எங்க? அவர் வராம எப்படி?" என்று கேட்டார். நான் என்னவோ முனகினேன். அவர் சிரித்தார். "எங்க அப்பா சாகுறவரைக்கும் அந்தக் கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரும்மா. அந்தச் சந்தியாகுகிட்ட மட்டும்தான் என் ஜம்பம் பலிக்கலன்னு சொல்லுவாரு. அன்னைக்கு அவர் அதக் கேட்டப்பவே எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிச்சுப்போச்சு. பந்தியில முதல் எலையில அவரத்தான் உக்கார வைக்கணும். ஒரு தந்தி குடுங்க, கார் வச்சுக் கூட்டியாறேன்" என்றார்.

பெங்களூர்க் குளிர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார் என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தார். அப்படியென்றால் ஆசீர்வாதமாவது எழுதி அனுப்பட்டும் என்கிறார். பந்தலில் வாசிக்க வேண்டுமாம். அப்பா எழுதுவதுபோல் நாலு வரி எழுதி உடனே அனுப்பு. அவர் கையெழுத்து கொஞ்சம் நடுங்கினாற்போல் இருக்கும். அது உனக்கு வரும்.

அக்கா ஜோசஃபின்


பெங்களூர்
10 ஜனவரி 1937

எனது அருமைப் பேத்தி அல்போன்சாவுக்கும் மணமகன் நோயலுக்கும் பாட்டனார் சந்தியாகு மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. தேக அசௌகரியத்தின் நிமித்தம் நேரில் வர இயலாமைக்கு வருந்துகிறேன். இவ்விடத்தின் சீதோஷ்ணம் எனக்கு மிகவும் ஒத்துக்கொண்டிருக்கிறது. என் குமாரனும் மருமகளும் என்னை ஒரு குறையுமின்றிப் பேணி வருகிறார்கள். சம்பந்தி வீட்டார் யாவருக்கும் என் பணிவான நமஸ்காரம்.

சந்தியாகு


சேசு மரி சூசை

தூத்துக்குடி
19 ஜனவரி 1937

அன்புள்ள தம்பிக்கு, கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. கூட்டம் கோயிலுக்குள் அடங்கவில்லை. கொழும்பு அக்கா கொண்டுவந்த சங்கிலியைப் போட்டுக்கொண்டு அல்போன்சா மாதா சுரூபம் போல் இருந்தாள். மாநாட்டில் உனக்கு நல்ல பெயர் என்று டோரீன் எழுதியிருந்தாள். சந்தோஷம்.

பந்தலில் அப்பாவின் ஆசீர்வாதத்தை வாசித்தார்கள். பெரியவருக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அல்போன்சா மட்டும், "இது தாத்தா எழுதினதில்ல, இதுல ஒருத்தரையும் வையலியே" என்றாள். புதுப்பெண் பேசக் கூடாது என்று அதட்டிவிட்டேன். நோயலின் தகப்பனார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மே மாதம் எல்லாரும் பெங்களூர் போய் அவரைப் பார்ப்பதாகப் பந்தியிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஆகவே தாமதிக்க வேண்டாம். நாளை மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். கொழும்புக் கப்பலும் அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் வேண்டாம். திங்கட்கிழமை விடிந்ததும் இங்கே கிடைக்கிற மாதிரி தந்தி கொடுத்துவிடு. தேதி அன்றையத் தேதியாக இருக்கட்டும்.

கறுப்புச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கல்யாண வேலையெல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமைக்கு நான் வேறு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா ஜோசஃபின்